கருப்பு மாத்திரைக் கடன்

இடிதாங்கி தன் அக்காள் புருஷனுக்கு முப்பதாயிரம் கடன்பட்டிருந்தான். கைமாற்றாக வாங்கிய பணமில்லை அது. குடியில் போனதில்லை, சூதாட்டத்தில் விட்டதில்லை. ஒரு ரியாக்டருக்குள் கருப்பு மாத்திரைகளை அவசரப்பட்டுக் கொட்டியதற்காக அவன் தலையில் கட்டப்பட்ட கடன். அந்த முப்பதாயிரத்துக்காக அவன் வாங்கிய அடியை வேறு எவனாவது வாங்கியிருந்தால் என்றைக்கோ மண்ணுக்குள் போயிருப்பான்.

இடிதாங்கி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஆள் குள்ளம், தோள் அகலம், கழுத்து இருக்கிற இடமே தெரியாது. இளவயதில் சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்கும்போது லாரி உச்சியிலிருந்து ஒரு சிமெண்டு மூட்டை நழுவி அவன் தோளில் விழுந்தது. விழுந்து எழுந்தவன் மேலே பார்த்து, "இன்னும் எத்தனை இருக்கு? போடு, போடு" என்றான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். படிப்பு இரண்டாம் வகுப்பு. வாத்தியார் அளவுகோலால் முதுகில் அடித்தார். இவன் அளவுகோலை வாங்கி முறித்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான். திரும்பிப் போகவே இல்லை. அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் அவன் வேலை செய்தான்.

அம்மா அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் அவனை வளர்த்தது அக்கா. அக்கா கல்யாணமாகிப் போனபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு சாமானாக இவனும் போனான். அக்காள் புருஷன் ஆலைகளில் ஆள் விட்டு வேலை எடுக்கிற கான்ட்ராக்டர். கை நீளம், நாக்கு அதைவிட நீளம்.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், பிறகு குழம்பக்கூடாது. அந்த ஆலையில் நிலக்கரியை நீராவியோடு சேர்த்து வேகவைத்து ஒரு வாயு எடுப்பார்கள். அந்த வாயுவை ஆயிரக்கணக்கான குழாய்கள் உள்ள ரியாக்டர் என்கிற ஒரு பெரிய இரும்புக் குடத்துக்குள் அழுத்தி அனுப்பினால் மறுபக்கம் ஆல்கஹாலாக வரும். குடிக்கிற சரக்கு என்று நினைத்து யாரும் நாக்கைத் தொங்கப்போட வேண்டாம். ஒரு மடக்கில் கண் போகும், இரண்டாம் மடக்கில் ஆளே போவான். வாயுவை ஆல்கஹாலாக மாற்றுவது குழாய்களுக்குள் நிரப்பியிருக்கிற செம்பு கலந்த மாத்திரைகள். வினையூக்கி என்று புத்தகத்தில் இருக்கும். இறங்கி வேலை செய்கிறவனுக்கு அது மாத்திரை. கரேலென்று, சுண்டுவிரல் நகம் அளவில் இருக்கும்.

நிரப்புவதில்தான் சூட்சுமம். ஒவ்வொரு குழாயிலும் ஒரே அளவு, ஒரே நிதானத்தில் ஊற்றவேண்டும். வேகமாகக் கொட்டினால் மாத்திரைகள் நடுவழியில் ஒன்றையொன்று முட்டி நின்றுவிடும், கீழே வெற்றிடம் கிடக்கும். வாயு படுசோம்பேறி, எந்தக் குழாயில் தடை குறைவோ அங்கேதான் புகும். ஒரு குழாய் கொதிக்கும், பக்கத்துக் குழாய் தூங்கும்.

இடிதாங்கிக்கு அப்போது மீசை அரும்பிய திமிர். குடத்தின் உச்சிக்குள் இரண்டு கோஷ்டியாக உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கோஷ்டிக்காரன் ஒருவன், "என்ன குட்டையா, ஊத்தறியா இல்ல தாலாட்டறியா?" என்றான். அவ்வளவுதான், பந்தயம் வந்துவிட்டது. இடிதாங்கி கையில் குவளை பறந்தது. எதிராளி பாதி வரிசையில் நிற்கும்போது இவன் தன் வரிசையை முடித்துவிட்டு, குவளையை அவன் தலையில் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தான்.

மறுநாள் குழாய் குழாயாகக் காற்று ஊதி அளந்தார்கள். இடிதாங்கியின் வரிசை முழுக்கப் பொக்கை. எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்து, உடைந்ததை எறிந்துவிட்டு, புதிதாக வாங்கி ஊற்றவேண்டியதாயிற்று. ஆலை, கான்ட்ராக்டரின் பில்லில் கைவைத்தது. கான்ட்ராக்டர் மச்சினன் கன்னத்தில் கைவைத்தான். கேன்டீன் வாசலில், மொத்தக் கூலிக்காரர்களும் பார்க்க, ஒரு அறை. உதடு கிழிந்தது.

"முப்பதாயிரம்டா! உங்கப்பன் வச்சுட்டுப் போனானா? இன்னையிலேர்ந்து நீ என் கடன்காரன்!"

இடிதாங்கி ரத்தத்தை வழித்துச் சட்டையில் துடைத்தான். "தப்பு என்னுதுதான், மாமா. முப்பதாயிரத்தையும் நோட்டு நோட்டா எண்ணி உங்க உள்ளங்கையில வைப்பேன். அதுவரைக்கும் உங்க வீட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சா என்னைச் செருப்பால அடிங்க."

அன்று மாலையே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். வாசலில் அக்கா அழுதுகொண்டே சொம்பை நீட்டினாள். "தண்ணிக்கும் கடனுக்கும் என்னடா சம்பந்தம்? குடிச்சிட்டுப் போடா." அவன் சொம்பைத் தொடவில்லை. மெக்கானிக் கடை மாடியில் ஒரு அறை எடுத்துத் தங்கினான்.

கூலியில் பாதியை அக்காள் புருஷன் பிடித்துக்கொண்டான். பிடிக்கப் பிடிக்கக் கடன் குறைந்ததா என்றால், அதுதான் இல்லை. வட்டி என்பான், கையுறை தேய்ந்தது என்பான், பூட்ஸ் வாடகை என்பான். வருஷங்கள் போயின, முப்பதாயிரம் முப்பதாயிரமாகவே நின்றது. வாய் திறந்தால் முதுகில் பூட்ஸ் கால் பதியும். திருப்பி அடிக்க இவனுக்குத் தெரியாதா? ஒரு குத்தில் அந்த ஆளைப் படுக்கவைத்திருப்பான். அக்காவின் முகம் கையைக் கட்டிப்போட்டிருந்தது. ஆனால் அந்த வருஷங்களில் மாத்திரை ஊற்றுவதில் அவனை மிஞ்ச ஒருத்தனும் இல்லை என்றாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாலும் குழாய்க்குக் குழாய் அளவு சொல்லிவைத்த மாதிரி நிற்கும்.

மாத்திரைகளுக்கும் ஆயுள் உண்டு. நாளாக ஆக வாயுவில் வருகிற கந்தகம் கொஞ்சம் கொஞ்சமாக அவற்றைக் கொல்லும். செத்த மாத்திரையை வெளியே எடுப்பது, நிரப்புவதைவிடக் கொலைகார வேலை. உள்ளே செம்பு வெறும் உலோகமாக, காற்றுக்கு அலைந்துகொண்டிருக்கும். காற்றுப் பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆகவே குடம் முழுக்க நைட்ரஜனை நிரப்பி, முகமூடியோடு ஆளை இறக்கி, உறிஞ்சு குழாயால் எடுத்து, நைட்ரஜன் அடைத்த டிரம்மில் போட்டு மூடி இறுக்குவார்கள். நைட்ரஜனில் முகமூடி இல்லாமல் இரண்டு மூச்சு இழுத்தால் மூன்றாவது மூச்சுக்கு ஆள் இருக்கமாட்டான்.

மாத்திரை மாற்ற ஆலையை நிறுத்திப்போட்ட அப்படியொரு ஷட்டவுனில் அக்காள் புருஷன் அவனைத் தனியே கூப்பிட்டான். பக்கத்தில் அவன் வளர்க்கிற அடியாட்கள் இருவர்: ஒருவன் பல்லன், இன்னொருவன் ஊமைபோல் எப்போதும் வாயைத் திறக்காத தடியன்.

"மாப்ள, டிரம்முக்குள்ள இருக்கறது பூரா செம்பு. உருக்கறவன் ஒருத்தன் ரொக்கமா தர்றேங்கறான். சாயங்காலம் யார்டுல கொஞ்சம் டிரம்மைத் திறந்து மாத்திரையை மூட்டை கட்டிடணும், டிரம்முல ஜல்லியைப் போட்டு மூடிடணும். நீ வந்தா உன் கடன் தீர்ந்துச்சு."

"வேணாம், மாமா. அது பத்திக்கும். தார்ப்பாய்ல ஒரு பிடி சிந்தினதே காத்தடிச்சதும் எப்படிச் சிவந்துச்சுன்னு பார்த்தீங்கல்ல?"

"தண்ணி ஊத்தி அணைச்சுட்டா செத்த கரி. எனக்குச் சொல்லித்தர்றியா?"

"தண்ணி காயற வரைக்கும்தான் அது செத்த கரி. அதோட நான் பணமாத்தான் தர்றேன்னு சொன்னேன். திருட்டா தர்றேன்னு சொல்லலை."

பல்லன் இளித்தான். "அண்ணே, உங்க மச்சினன் பெரிய அரிச்சந்திரன் போல."

மறுநாள் மதியம் இடிதாங்கி குடத்துக்குள் இருந்தான். முகமூடிக்கு மேலேயிருந்து காற்றுக் குழாய் வருகிறது. பாதுகாப்புக்கு நின்ற ஆலைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். குடத்தின் வாயிலில் காவல் நின்றது அக்காள் புருஷன். முகமூடிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கரில் அவன் குரல் கரகரத்தது.

"மாப்ள, கடைசியா கேக்கறேன். வர்றியா இல்லையா?"

"வரலை, மாமா."

"கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

காற்று நின்றது.

அவன் காற்றுக் குழாயின்மேல் ஏறி நின்றுவிட்டான், பாவி. முகமூடி மூஞ்சியோடு ஒட்டி உள்ளே இழுத்தது. இடுப்பில் ஆபத்துக்கென்று ஒரு சின்ன உருளை தொங்கியது. இடிதாங்கி அதன் திருகைத் திறந்தான். ஒரு சீறல்கூட இல்லை. அதில் காற்று நிரப்புகிற காசையும் அந்த ஆள் மிச்சம் பிடித்திருந்தான். முகமூடியைக் கழற்றினால் சாவு, கழற்றாவிட்டாலும் சாவு. இடிதாங்கி நெஞ்சில் இருந்த மூச்சை அப்படியே பூட்டினான். உறிஞ்சு குழாயை எறிந்தான். ஏணியைக் கையாலேயே பற்றி, கால் படாமல், குரங்குபோல் ஏறினான். காது அடைத்தது, கண்ணுக்குள் கருப்புப் பொட்டுகள் ஆடின. வாயிலுக்கு மேலே தலை வந்ததும் எதிரில் தெரிந்த முதல் பொருள் அக்காள் புருஷனின் முகம். தலையாலேயே முட்டினான். மூக்கெலும்பு உடைந்த சத்தம் முகமூடிக்குள்ளேயே கேட்டது. முகமூடியைப் பிய்த்தெறிந்து மூச்சை இழுத்தான்.

பத்தாள் உயரத்தில், இரும்புத் தளத்தில், சண்டை. பல்லன் பெரிய ஸ்பானரை வீசினான். இடிதாங்கி அதைத் தோளில் வாங்கிக்கொண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கம்பித் தடுப்பில் வைத்து மடக்கினான். மணிக்கட்டு மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. தடியன் பின்னாலிருந்து சங்கிலியால் தாடையில் விளாசினான். கடைவாய்ப் பற்கள் இரண்டு தளத்தில் உருண்டன. பிறகு இருவருமாக உதைத்து உருட்ட, படிக்கட்டு முழுக்க அவன் முதுகு எண்ணிக்கொண்டே இறங்கியது.

ஓடிவந்த ஆலைக் காவலர்களிடம் அக்காள் புருஷன் உடைந்த மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான்: "நைட்ரஜன் தலைக்கேறிடுச்சு, சார். கிறுக்குப் பிடிச்சு எல்லாரையும் அடிக்கறான்."

நம்பிவிட்டார்கள். இடிதாங்கி வாய் நிறைய ரத்தத்தோடு கேட்டுக்கு வெளியே கிடந்தான். திருட்டைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஆள் ஜெயிலுக்குப் போவான், அக்கா தெருவுக்கு வருவாள். விழுங்கிக்கொண்டான், ரத்தத்தையும் சேர்த்து.

திருட்டு நடந்தது. தாடை வீக்கம் வடிவதற்குள் ஒரு நண்பகலில் அக்கா மூச்சிரைக்க அவன் அறைக்கு ஓடிவந்தாள்.

"தம்பி, சமையல்கட்டுச் சுவரு சுடுதுடா. கை வைக்க முடியலை."

"அடுப்பு எரியுதா?"

"அடுப்பு பத்தவே வைக்கலைடா. சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டகையில உங்க மாமா மூட்டை அடுக்கியிருக்கார்."

"தண்ணி ஊத்தினாரா?"

"குடம் குடமா ஊத்தினார். அணைஞ்சு போச்சு, இனி கவலையில்லைன்னார். அப்புறம் மழையுமில்லை ஒண்ணுமில்லை, நல்ல வெயிலு."

அவ்வளவு கேட்டதும் இடிதாங்கி செருப்பு போடாமல் ஓடினான். அடுப்புக்கரியை அணைப்பதுபோல் தண்ணீரை ஊற்றிவிட்டு, அணைந்தது என்று நம்பிவிட்டான் அந்த மனுஷன். ஈரம் இருக்கிறவரை மாத்திரை நல்ல பிள்ளை. காய்ந்ததும் அதற்குப் பழைய பசி வந்துவிடும்.

கொட்டகை வாசலில் ஒரு வேன் நின்றது. அக்காள் புருஷன் மூக்கில் கட்டோடு பூட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

"திறக்காதீங்க, மாமா! காத்து உள்ள போகும்!"

"பங்கு கேட்டு வந்துட்டான் பாரு!" என்றான் அவன். "போடுடா அவனை!"

தடியன் கடப்பாரையோடு வந்தான். கதவு அதற்குள் அகலத் திறந்துவிட்டது. இடிதாங்கி குனிந்தான், கடப்பாரை அவன் தலையைத் தப்பி, அடுக்கின் அடி மூட்டையில் சொருகிக் கிழித்தது. அடுக்கு சாய்ந்தது. சாக்குகள் பிளந்து மாத்திரைகள் தரையெல்லாம் அருவிபோல் கொட்டின. ஒரு கணம் வெறும் கருப்பு. அடுத்த கணம் ஓரங்களில் சிவப்பு. பிறகு தரையே கண் திறந்ததுபோல் கொட்டகை முழுக்கக் கனன்றது. சாக்குகள் தீப்பிடித்தன. தடியனின் பூட்ஸ் உருகிக் காலோடு ஒட்டியது. பிறவியிலேயே பேச்சு இல்லாதவன் என்று எல்லோரும் நினைத்த ஆள் அன்றைக்குத்தான் வாய் திறந்து அலறினான். ஒடிந்த கையோடு வேனில் உட்கார்ந்திருந்த பல்லன், கூட்டாளியைக்கூட ஏற்றிக்கொள்ளச் சொல்லாமல் டிரைவரை விரட்டினான்.

ஓடாதவன் அக்காள் புருஷன் ஒருவன்தான். "என் காசு! என் காசு!" என்று மண்டியிட்டு, எரிகிற மாத்திரைகளை வலது கையால் வாரி வாரிச் சாக்குக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். தோல் உரிவது அவனுக்கே தெரியவில்லை. இடிதாங்கி காலரைப் பிடித்து இழுத்தான். அவன் திரும்பி இவன் முழங்கையைக் கடித்தான்.

"விடுடா கடன்காரா!"

இடிதாங்கி பல வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த அந்த ஒரு குத்தை அப்போதுதான் விட்டான். தாடையில். ஆள் பொத்தென்று விழுந்தான். அவன் காலைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப்போட்டான். காப்பாற்றுவதற்காக அடித்த அடி. ஆனாலும் அதில் கொஞ்சம் பழைய பாக்கியும் கலந்திருந்தது.

அக்கா குடத்தோடு ஓடிவந்தாள்.

"தண்ணி வேணாம், அக்கா! மண்ணு! மண்ணு கொண்டா!"

பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் குவித்திருந்த மணலை அக்காவும் தம்பியும் கூடை கூடையாக அள்ளி மூடினார்கள். அவன் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். கொட்டகை போயிற்று, சமையல்கட்டுச் சுவர் வெடிப்போடு நின்றது. நல்ல மணல், கெட்ட காற்று. அன்றைக்கு மணல் ஜெயித்தது.

ஆலைக்கு விஷயம் எட்டியது. செம்புக்கு அபராதம், கான்ட்ராக்ட் ரத்து. தண்டம் கட்டியதில் கையிருப்பு கரைந்தது, ஜெயிலுக்குப் போகாமல் தப்பினான். வலது கை மட்டும் தேறவில்லை. தோல் இறுகி, ஐந்து விரலும் பலகைபோல் விறைத்து, உள்ளங்கை எப்போதும் விரித்தபடியே நின்றுவிட்டது.

ஊர் என்ன சொல்லும்? "உயிரைக் காப்பாத்திட்டான்ல, கடன் அந்த நெருப்பிலேயே எரிஞ்சு போச்சு" என்றது. அக்காகூட அதையே சொன்னாள். ஆனால் அக்காள் புருஷன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போகிறவன் வருகிறவனிடமெல்லாம், "அந்த இடிதாங்கியா? என் கடன்காரன்" என்றான். கான்ட்ராக்ட் போயிற்று, ஆள் அம்பு போயிற்று, அந்த ஆளுக்கு மிஞ்சிய ஒரே சொத்து மச்சினன் தரவேண்டிய கடன்தான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முதுகு நிமிரும்.

 இடிதாங்கி ஆலையின் இன்ஜினியர் அம்மாவைப் போய்ப் பார்த்தான். "கிறுக்குப் பிடிச்சவன்தானே நீ?" என்றார் அந்த அம்மா. "ஒரு வரிசை குடுங்க, மேடம். அளந்து பாருங்க. ஒரு குழாய் பிசகினாலும் இந்தத் தடவை நானே படியில உருண்டுக்கறேன்." கொடுத்தார். அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு அவனுக்கென்று தனிக் கோஷ்டி வந்தது. குடத்துக்குள் எவனாவது பந்தயம் கட்டினால் குவளையாலேயே மண்டையில் ஒன்று விழும். எல்லோர் இடுப்பிலும் காற்று உருளை நிறைந்திருக்கும்; அதை அவனே திருகிச் சீறவைத்துப் பார்த்த பிறகுதான் ஆள் இறங்கும்.

பழைய குடம், அதே ஆயிரக்கணக்கான குழாய்கள், அவற்றுக்குப் புது மாத்திரை நிரப்பிய கூலி கைக்கு வந்த அன்று, அவன் நேரே அக்கா வீட்டுக்குப் போனான். வாசலில் செருப்பைக் கழற்றினான். அக்கா ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"மாமா, கையை நீட்டுங்க."

அக்காள் புருஷன் அவன் மடியில் இருந்த நோட்டுக்கட்டைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. "வேணாம்டா. எனக்கு வேணாம்."

"ஏன்?"

"நீ கடன்காரனாவே இரு. போடா வெளியே!" இடதுகையால் நாற்காலியோரம் சாத்தியிருந்த கம்பை எடுத்து விளாசினான். அது இடிதாங்கியின் நெற்றியில் பட்டுத் தோல் பிளந்தது. மறுவீச்சுக்கு ஓங்கியதை அக்கா பின்னாலிருந்து பிடுங்கி வாசலுக்கு எறிந்தாள்.

"போதும்ங்க," என்றாள். "அவனுக்குத் தாகமா இருக்கும்."

"கையை நீட்டமாட்டேன். என்னடா செய்வே?"

"நீங்க நீட்டவே வேணாம், மாமா," என்றான் இடிதாங்கி. "அது நீட்டிக்கிட்டேதான் இருக்கு."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இடிதாங்கி அந்த ஆளின் வலது மணிக்கட்டைப் பிடித்து நாற்காலிக் கையில் அழுத்தினான். அவன் திமிறினான், உதைத்தான், முழங்காலால் வயிற்றில் இடித்தான். இடிதாங்கி அத்தனையையும் வாங்கிக்கொண்டே எண்ணினான். நெற்றி ரத்தம் மூக்கு வழியாக இறங்கி நோட்டில் சொட்டியது. பாதிக்கு மேல் போனதும் உதை தளர்ந்தது. கடைசிப் பத்து நோட்டுக்கு அந்த ஆள் அசையவே இல்லை. உதடு மட்டும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தது.

"ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது."

மடங்காத உள்ளங்கையிலிருந்து பணம் சரியாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடிதாங்கி அறுபதாவது ஐந்நூறை அதன்மேல் வைத்தான்.